காற்புள்ளி தாங்காத சுமை

உங்கள் இல்லத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுபவர் யார்?

பெரும்பாலான குடும்பங்களில் அந்தப் பொறுப்பு ஏதேனும் ஒரு பிள்ளையின் தலையில்தான் விழுந்திருக்கும். கல்லூரியில் படிக்கும் மகளாக இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனாக இருக்கலாம். படித்துவிட்டு நம் வீட்டுக்கு வாழ வந்த மருமகளாகவும் இருக்கலாம். வங்கி மேலாளருக்கு விண்ணப்பம், வளைகுடாவில் தந்தை பணிபுரியும் நிறுவனத்துக்கு மடல், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விளக்கம், கல்லூரி முதல்வருக்கு வேண்டுகோள் என எல்லாமே அந்த ஒரு பிள்ளையின் கையால்தான் எழுதப்படுகின்றன. முன்பு தாளில் எழுதினோம். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் எழுதுகிறோம். சுமை என்னவோ அதே சுமைதான்.

அந்தக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். சொற்களில் எழுத்துப் பிழை இருக்காது. காலமும் சரியாகவே இருக்கும். ஆயினும் படிப்பவர் ஓரிடத்தில் தடுக்கி நிற்பார். எங்கே தடுக்கியது என்று தேடினால், பெரும்பாலும் அங்கே ஒரு காற்புள்ளி இருக்கும்.

குறி சிறிது, குழப்பம் பெரிது

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மாணவி கல்லூரி அலுவலகத்துக்கு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே கட்டணத்தைச் செலுத்திவிட வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அவள் கட்டணத்தை உரிய நாளில் செலுத்திவிட்டாள். விடுமுறை முடிந்த பிறகு ரசீது கேட்டு அலுவலகத்துக்குச் சென்றாள். இதனை அவள் இவ்வாறு எழுதுகிறாள்:

ஐ பெய்டு தி ஃபீஸ், ஆஃப்டர் தி ஹாலிடேஸ், ஐ கேம் டு தி ஆஃபீஸ்.

அன்பு வாசகர்களே, இந்த வரியைப் படிக்கும் எழுத்தர் என்ன புரிந்துகொள்வார்? 'விடுமுறைக்குப் பிறகு' என்னும் நடுச்சொற்கள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை? முன்பக்கத்தோடு சேர்த்தால், 'விடுமுறைக்குப் பிறகு கட்டணம் செலுத்தினேன்' என்றாகிறது. அப்படியானால் கெடு தவறிவிட்டது. பின்பக்கத்தோடு சேர்த்தால், 'விடுமுறைக்குப் பிறகு அலுவலகம் வந்தேன்' என்றாகிறது. அப்படியானால் அவள் மீது குற்றமில்லை. ஒரே வரி அவளுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் சாட்சி சொல்கிறது! அவளே எழுதியது, அவளுக்கே எதிராகத் திரும்புகிறது.

இதே வரியை இப்படி எழுதியிருந்தால்:

ஐ பெய்டு தி ஃபீஸ்; ஆஃப்டர் தி ஹாலிடேஸ், ஐ கேம் டு தி ஆஃபீஸ்.

ஒரு காற்புள்ளியின் மேலே ஒரு புள்ளி கூடிற்று. அது அரைப்புள்ளி ஆயிற்று. சந்தேகம் முழுவதும் நீங்கிவிட்டது. கட்டணம் செலுத்தியது ஒரு செய்தி. விடுமுறைக்குப் பின் வந்தது வேறொரு செய்தி.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒரே ஒரு விதிதான்: ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் இணைக்கக் கூடாது. இதனை நம் பிள்ளைகள் நன்றாக உணர்ந்துகொண்டால், அவர்களுடைய ஆங்கில எழுத்தில் உள்ள குழப்பங்களில் பெரும்பகுதி தானே அகன்றுவிடும்.

முழு வாக்கியம் என்பது எது?

பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தைச் சற்று நினைவுகூருங்கள். 'வந்தான்', 'படிக்கிறாள்', 'போவோம்' என்பவை முற்றுவினைகள். அவற்றோடு பொருள் முடிந்துவிடுகிறது. 'வந்து', 'படித்து', 'போனால்' என்பவை எச்சங்கள். அவற்றைக் கேட்டவுடன், 'வந்து? அப்புறம்?' என்று மனம் வினவுகிறது.

ஆங்கிலத்திலும் இதே பாகுபாடு உண்டு. எழுவாயும் முற்றுவினையும் பெற்று, பிறிதொன்றின் துணையின்றித் தனித்து நிற்கக் கூடியது முழு வாக்கியம். 'மை ஃபாதர் இஸ் ஸிக்' என்றால் தந்தை நோயுற்றிருக்கிறார் என்பது தெரிகிறது, செய்தி முடிந்துவிட்டது. 'பிகாஸ் மை ஃபாதர் இஸ் ஸிக்' என்றாலோ முடியவில்லை. 'தந்தை நோயுற்றிருப்பதால்' என்று அது அந்தரத்தில் தொங்குகிறது. 'பிகாஸ்' என்ற ஒரு சொல் வந்து சேர்ந்ததும் முழு வாக்கியம் சார்பு வாக்கியமாகி, ஊன்றுகோலைத் தேடுகிறது.

ஆகவே முதலில் பிள்ளைக்குக் கற்றுத் தர வேண்டியது, எது தனித்து நிற்கும், எது நிற்காது என்று பிரித்தறியும் திறனைத்தான். குறியிடும் கலை அதற்குப் பிறகே வரும்.

நாம் ஏன் இந்தத் தவறைச் செய்கிறோம்?

இது அறிவுக் குறைவால் வரும் தவறு அன்று. தாய்மொழிப் பழக்கத்தால் வருவது.

தமிழில் ஒரு நீண்ட செய்தியைச் சொல்லும்போது எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் ஒரேயொரு முற்றுவினையை வைத்து முடிக்கிறோம். 'காலையில் எழுந்து, தொழுது, நாஷ்டா சாப்பிட்டு, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள்.' இங்கே காற்புள்ளிகள் எத்தனை வந்தாலும் குற்றமில்லை, முற்றுவினை ஒன்றுதான். எச்சமே இணைப்புக் கயிறாக இருந்து வாக்கியத்தைக் கட்டிக் காக்கிறது. எழுவாய் மாறினாலும்கூட, 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று தமிழ் எளிதாகச் சொல்லிவிடுகிறது.

இதனை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த எச்சங்கள் பெரும்பாலும் முற்றுவினைகளாக மாறிவிடுகின்றன. கயிறு அறுந்துபோகிறது. ஆனால் காற்புள்ளி மட்டும் தமிழில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 'இட் ரெய்ன்டு, தி டேங்க் வாஸ் ஃபுல்' என்று எழுதிவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 'அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார்' என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. இரண்டாவது பகுதியில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. முன்னதன் நிழலிலேயே அது நிற்கிறது. ஆங்கிலத்திலோ 'ஹி' என்ற எழுவாயைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்தவுடன் அது தனி வாக்கியமாக எழுந்து நின்றுவிடுகிறது. இரண்டு தனி வாக்கியங்கள் உருவானபின், இடையில் காற்புள்ளி மட்டும் போதாது.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளிடம் வேறொரு பழக்கத்தையும் காண்கிறேன். அரபு மொழி 'வ', 'ஃப' என்னும் இணைப்பெழுத்துகளால் வாக்கியத்தோடு வாக்கியத்தைத் தொடுத்துச் செல்லும் இயல்புடையது. அங்கே அது அழகு. நிறுத்தக் குறிகள் அம்மொழிக்குப் பிற்காலத்தில் வந்தவை. எகிப்து அறிஞர் அஹ்மத் ஸக்கி பாஷா 1912இல் அவற்றுக்கு விதிகள் வகுத்து நூல் வெளியிட்டார். அரபில் பழகிய மாணவர் ஆங்கிலத்திலும் 'அண்ட்', 'அண்ட்' என்று தொடுத்துக்கொண்டே போகிறார். தமிழில் மட்டும் பழகியவர் காற்புள்ளி, காற்புள்ளி என்று தொடுக்கிறார். இருவருக்கும் மருந்து ஒன்றே: ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைக் கவனித்துப் பழகுவது.

இணைக்கும் வழிகள் நான்கு

தவறான வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனைத் திருத்தும் வழிகளைப் பார்ப்போம்.

மை ஃபாதர் இஸ் ஸிக், ஐ கேன்னாட் அட்டெண்டு தி கிளாஸ்.

தந்தை நோயுற்றிருக்கிறார், என்னால் வகுப்புக்கு வர இயலாது. இரண்டும் முழு வாக்கியங்கள். இடையில் காற்புள்ளி மட்டும் நிற்கிறது. இது பிழை. அந்தக் காற்புள்ளியையும் நீக்கிவிட்டு இரண்டையும் ஒட்டி எழுதினால், அது இன்னும் பெரிய பிழை.

முதல் வழி, முற்றுப்புள்ளி:

மை ஃபாதர் இஸ் ஸிக். ஐ கேன்னாட் அட்டெண்டு தி கிளாஸ்.

இது யாருக்கும் கைவரும் வழி. சந்தேகம் வரும்போதெல்லாம் இதனையே கையாளுமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். குட்டை வாக்கியம் எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை. அலுவலகக் கடிதத்துக்கு அதுவே சிறப்பு.

இரண்டாம் வழி, காற்புள்ளியோடு ஓர் இணைப்புச் சொல்:

மை ஃபாதர் இஸ் ஸிக், ஸோ ஐ கேன்னாட் அட்டெண்டு தி கிளாஸ்.

இவ்வாறு காற்புள்ளிக்குத் தோள் கொடுக்கும் இணைப்புச் சொற்கள் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபேன்பாய்ஸ்' என்று ஒரு சொல் கிடைக்கும். ஆங்கிலப் பள்ளிகளில் இதனைச் சொல்லித்தான் மனத்தில் பதியவைக்கிறார்கள். இந்த ஏழில் ஒன்று உடன் நின்றால் காற்புள்ளி போதும்.

மூன்றாம் வழி, அரைப்புள்ளி:

மை ஃபாதர் இஸ் ஸிக்; ஐ கேன்னாட் அட்டெண்டு தி கிளாஸ்.

இரண்டு செய்திகளும் நெருங்கிய உறவினர்கள், ஆயினும் தனித்தனிக் குடித்தனக்காரர்கள் என்றால், நடுச்சுவராக அரைப்புள்ளியை எழுப்பலாம். இதன் இருபுறமும் முழு வாக்கியம் நிற்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அரைப்புள்ளிக்குப் பின்வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதும் வழக்கமில்லை. 'ஐ' என்னும் தன்மைச் சொல்லும் சிறப்புப் பெயர்ச்சொற்களும் மட்டும் எங்கும் பெரிய எழுத்தையே பெறும்.

நான்காம் வழி, ஒன்றை மற்றொன்றின் சார்பாக்குவது:

பிகாஸ் மை ஃபாதர் இஸ் ஸிக், ஐ கேன்னாட் அட்டெண்டு தி கிளாஸ்.

சார்பு வாக்கியம் முன்னே வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடுகிறோம். அதுவே பின்னே வந்தால் பெரும்பாலும் காற்புள்ளி தேவையில்லை. பிள்ளைகள் இங்கே வேறொரு பிழையைச் செய்வதுண்டு. 'பிகாஸ்' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'ஸோ' என்றும் எழுதுவார்கள். 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு 'பட்' என்றும் எழுதுவார்கள். 'மழை பெய்தாலும்கூட, ஆனால் நாங்கள் போனோம்' என்பது போன்றது இது. ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதும்.

இந்நான்கோடு முக்காற்புள்ளியையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வாக்கியம் ஒன்றை அறிவித்து, இரண்டாவது அதனை விளக்கினால் முக்காற்புள்ளி பொருந்தும்: 'மை மதர் ஹேஸ் ஒன் விஷ்: ஐ மஸ்ட் ஃபினிஷ் காலேஜ்.' அன்னையின் ஆசை ஒன்று என்று முதலில் சொல்லி, அது என்ன என்பதைப் பின்னர் திறந்து காட்டுகிறது.

'ஹவெவர்' எனும் வழுக்குப் பாறை

நன்றாக ஆங்கிலம் எழுதுவோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு.

தி டிக்கெட் வாஸ் ரெடி, ஹவெவர், தி விசா டிட் நாட் கம்.

பயணச்சீட்டு தயார், ஆயினும் விசா வரவில்லை. பார்ப்பதற்குச் சரிபோலத் தோன்றும். 'ஹவெவர்' என்பதும் 'பட்' போல ஓர் இணைப்புச் சொல்தானே என்று நினைக்கிறோம். பொருளில் இரண்டும் அண்டை வீட்டார். இலக்கணத்தில் வெவ்வேறு குலம். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'அதர்வைஸ்', 'தென்' ஆகியவை அந்த ஏழில் சேராதவை. இரண்டு வாக்கியங்களை இழுத்துக் கட்டும் வலிமை இவற்றுக்கு இல்லை.

இதனைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சொல்லை இடம் மாற்றிப் பாருங்கள். 'தி விசா, ஹவெவர், டிட் நாட் கம்' என்று அதனை வாக்கியத்தின் நடுவுக்கு நகர்த்தலாம். 'பட்' என்பதை அவ்வாறு நகர்த்த முடியுமா? முடியாது. ஆணி அடித்தாற்போல் இரு வாக்கியங்களின் இடையில்தான் அது நிற்கும். அசையாமல் நிற்பது ஆணி. அதனை நம்பி இணைக்கலாம். அங்குமிங்கும் உலவுவதை நம்பி இணைக்கலாகாது. எனவே சரியான வடிவம்:

தி டிக்கெட் வாஸ் ரெடி; ஹவெவர், தி விசா டிட் நாட் கம்.

முன்னே அரைப்புள்ளி, பின்னே காற்புள்ளி. முன்னே முற்றுப்புள்ளி இட்டு, 'ஹவெவர்' என்று புதிய வாக்கியத்தைத் தொடங்கினாலும் சரியே.

மூச்சை நோக்கியா, பொருளை நோக்கியா?

'படிக்கும்போது மூச்சு விடுகிற இடத்தில் காற்புள்ளி போடு' என்று பல வகுப்பறைகளில் சொல்லித் தருகிறார்கள். இந்த அறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. பழைய ஆங்கிலப் பாடநூல்கள் பலவற்றில், காற்புள்ளிக்கு ஒன்று எண்ணும் நேரம், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு எண்ணும் நேரம் நிறுத்த வேண்டும் என்று கற்பித்தார்கள். நம் தமிழ்ப் பெயர்களைப் பாருங்கள்! கால், அரை, முக்கால், முற்று. அதே கணக்கு அப்படியே பெயரில் பதிந்திருக்கிறது.

ஓலைச்சுவடிக் காலத்தில் இக்குறிகள் நம்மிடம் வழக்கில் இல்லை. அச்சு நூல்களின் வழியே அவை தமிழுக்கு வந்தன. தமிழ் உரைநடையில் அவற்றை முறையாகக் கையாண்டு பரவச் செய்த பெருமை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு (1822–1879) உரியதாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவிலும் அரைப்புள்ளி அச்சுக் கூடத்தில்தான் இன்றைய வடிவம் பெற்றது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியின் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூசியஸ் அதனைத் தம் நூல்களில் பயன்படுத்தினார். அது காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் இடைப்பட்ட நிறுத்தத்தைக் குறிக்க வந்தது.

ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் குறிகள் மூச்சுக்காக இடப்படுவன அல்ல. வாக்கியத்தின் கட்டமைப்பைக் காட்டவே இடப்படுகின்றன. மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். முதியவரின் மூச்சு வேறு, இளையவரின் மூச்சு வேறு. கட்டமைப்பு எல்லோருக்கும் ஒன்றே.

இது நமக்குப் புதிய பாடம் அன்று. திருக்குர்ஆனை ஓதக் கற்ற பிள்ளை, மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் நிறுத்திவிடலாகாது என்பதை அறியும். நம் இல்லங்களில் உள்ள பிரதிகளில் 'மீம்' என்ற எழுத்து மேலே இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். 'லா' என்றிருந்தால் நிறுத்தலாகாது. 'ஜீம்' என்றிருந்தால் நிறுத்தவும் செய்யலாம், தொடரவும் செய்யலாம். பொருள் சிதையாமல் காப்பதே இவற்றின் நோக்கம். சூரா அல்பகராவின் இரண்டாம் வசனத்தில் ஒரு சிறு சொல்லின் இருபுறமும் மும்மூன்று புள்ளிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் நிறுத்தலாம். இரண்டிலும் நிறுத்தலாகாது என்று உஸ்தாத் சொல்லித் தந்திருப்பார். அந்தச் சொல் முன்பக்கத்தோடும் சேரும், பின்பக்கத்தோடும் சேரும். அங்கே இரண்டு பொருளும் செம்மையானவை. நம் மாணவியின் கடிதத்திலோ ஒரு பொருள்தான் உண்மை. மற்றது அவளுக்குக் கேடு. 'ஆஃப்டர் தி ஹாலிடேஸ்' என்னும் சொற்களை எந்தப் பக்கத்தோடு சேர்ப்பது என்பதைப் படிப்பவரின் விருப்பத்துக்கு விடலாமா?

நீதிமன்றம் ஏறிய அரைப்புள்ளி

'இத்துணைச் சிறிய குறிக்கு இவ்வளவு முக்கியத்துவமா?' என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இருந்தது. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விற்கக் கூடாது என்று ஒரு பகுதி. அதன் பின் ஓர் அரைப்புள்ளி. ஞாயிற்றுக்கிழமையும் விற்கக் கூடாது, விடுதி நடத்துவோர் மட்டும் தம் விருந்தினருக்கு வழங்கலாம் என்று மறுபகுதி. விடுதிக்காரர்களுக்கான இந்தச் சலுகை இரவு நேரத் தடைக்கும் பொருந்துமா, ஞாயிற்றுக்கிழமைத் தடைக்கு மட்டுமா? கேள்வி மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது. நடுவில் நிற்கும் அரைப்புள்ளி இரண்டு பகுதிகளையும் பிரித்துவிட்டது; ஆகவே சலுகை பின்பகுதிக்கு மட்டுமே உரியது என்று 1900இல் தீர்ப்பாயிற்று. இரவு 11 மணிக்கு மேல் விடுதிகளிலும் மது நின்றது. மக்கள் அதற்கு 'அரைப்புள்ளிச் சட்டம்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். மாற்றம் வருவதற்கு 1906 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தின் கருத்து நமக்கு உவப்பானதாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது வேறு. சொற்கள் சண்டையிட்டுக்கொண்டபோது, அவற்றுக்கு நடுவே நின்ற குறியைத்தான் நீதிபதிகள் சாட்சியாக அழைத்தார்கள். வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் ஆகிய எல்லாவற்றிலும் இதே சாட்சி நின்றுகொண்டிருக்கிறது. எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இவற்றைப் படித்து எச்சரிக்கும் திறனும் சேர்ந்தே வரும்.

விதிவிலக்குகள் உண்டா?

உண்டு; சிலவே. மிகச் சிறிய, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வாக்கியங்கள் அடுத்தடுத்து வரும்போது காற்புள்ளி பொறுத்துக்கொள்ளப்படுகிறது. 'சம் சாங், சம் டான்ஸ்டு, சம் ஸ்லெப்ட்' என்பது போன்றவை. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக வெளியிட்ட 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' என்ற சிறு நூலில், முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் இணைக்கலாகாது என்று விதி கூறிவிட்டு, இந்தச் சலுகையையும் உடன் அளித்தார்.

'இட் இஸ் ஹாட், இஸ்ன்ட் இட்?' என்பது போல வாக்கியத்தின் வாலில் கேட்கப்படும் சிறு வினாவுக்கு முன் காற்புள்ளியே சரி. ஒருவர் கூற்றை மேற்கோள் குறிக்குள் தரும்போது, 'ஹி ஸெட்' என்பதன் பின்னும் காற்புள்ளியே சரி.

இன்னொன்று. எழுவாய் ஒன்றாக இருந்து வினைகள் மட்டும் இரண்டாக இருந்தால், 'அண்ட்' என்பதற்கு முன் காற்புள்ளி வேண்டியதில்லை. 'ஷி ஓபன்டு தி டோர் அண்ட் கேம் இன்.' கதவைத் திறந்து உள்ளே வந்தாள். 'அண்ட்' என்பதற்குப் பின் எழுவாய் இல்லை. ஆகவே அங்கே இரண்டாவது முழு வாக்கியம் இல்லை.

பழைய ஆங்கில நூல்களைப் படிக்கும் பிள்ளைகள், 'பெரிய எழுத்தாளர்களே காற்புள்ளியால் இணைத்திருக்கிறார்களே?' என்று கேட்பதுண்டு. உண்மைதான். 18ஆம் நூற்றாண்டில் அது பரவலான வழக்கம். இன்றும் கதாசிரியர்கள் வேண்டுமென்றே அவ்வாறு எழுதுவார்கள். கதையில் அது நடை; விண்ணப்பத்திலும் தேர்வுத் தாளிலும் அது பிழை.

வீட்டிலேயே செய்யக் கூடிய பயிற்சி

பெற்றோர்களே, இதற்கு நீங்கள் ஆங்கிலப் புலமை பெற்றிருக்க வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காற்புள்ளியின் மீதும் விரலை வைக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

விரலுக்கு இடப்பக்கம் உள்ளது மட்டும் இருந்தால் பொருள் முடிகிறதா? வலப்பக்கம் உள்ளது மட்டும் இருந்தால் பொருள் முடிகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், விரலுக்குப் பின் அந்த ஏழு சொற்களில் ஒன்று நிற்கிறதா?

முதல் இரண்டுக்கும் 'ஆம்', மூன்றாவதற்கு 'இல்லை' என்று விடை வந்தால், அந்தக் காற்புள்ளி தாங்க முடியாத சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. முற்றுப்புள்ளியாக்குங்கள், அல்லது அரைப்புள்ளியாக்குங்கள், அல்லது இணைப்புச் சொல் ஒன்றைத் துணைக்கு அனுப்புங்கள். நாளொன்றுக்கு ஐந்து வரிகள் போதும். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

'கணினியே இப்போது பிழையைத் திருத்திவிடுகிறதே' என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். திருத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. பல இடங்களில் அவை உதவவும் செய்கின்றன. ஆனால் நம் மாணவி கட்டணத்தை விடுமுறைக்கு முன் செலுத்தினாளா, பின் செலுத்தினாளா என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? அது அவளுக்குத்தான் தெரியும். அரைப்புள்ளியை முதல் காற்புள்ளியின் இடத்தில் வைப்பதா, இரண்டாவதன் இடத்தில் வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவளே. இடம் மாறினால் உண்மையும் மாறிவிடும்.

நம் சமுதாயத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் இன்றும் பலர் இருக்கிறார்கள். குடும்பத்தின் உரிமையையும் கோரிக்கையையும் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் பொறுப்பு அவர்களுடையது. எதிரில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களைக் கண்டதில்லை; அவர் காண்பது அந்தத் தாளை மட்டுமே. இன்றிரவு அந்தப் பிள்ளை அருகே அமருங்கள். இன்ஷா அல்லாஹ், நாளைக்கு அனுப்பவிருக்கும் கடிதத்திலிருந்தே இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.